பில்ட் முதலில், எடிட்டர் பிறகு

கேள்வி: அம்பாசமுத்திரம் பக்கத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். எங்கள் மாணவர்கள் சிலர் லிப்ரே ஆபீஸ் என்ற கட்டற்ற அலுவலக மென்பொருள் திட்டத்துக்கு நிரல் எழுதிப் பங்களிக்க விரும்புகிறார்கள். ஆனால் விஎஸ் கோட் எடிட்டரை ஒவ்வொரு மடிக்கணினியிலும் சரிசெய்வதிலேயே ஆர்வம் வற்றிவிடுகிறது. இறுதியாண்டு மாணவர் ஒருவர் தம் செட்டிங்ஸ் கோப்பை எல்லோருக்கும் கொடுத்தார். அதன் பிறகு பாதிப் பேருக்கு எந்தக் கோப்பைத் திறந்தாலும் பிழை என்று காட்டும் சிவப்புக் கோடுகள்தான். பெரும்பாலும் 8 ஜிபி நினைவகக் கணினிகள். சிலரிடம் உபுண்டு, சிலரிடம் விண்டோஸ். எல்லாவற்றையும் ஒரே ஸ்கிரிப்டில் முடித்துவிட முடியுமா?

பதில்: முடியும் அம்மா. ஆனால் ஒருவரின் செட்டிங்ஸ் கோப்பை மற்றவர்களுக்கு நகலெடுத்துத் தரும் ஸ்கிரிப்ட் வேண்டாம். உங்கள் மாணவர்களின் சிவப்புக் கோடுகள் அங்கிருந்துதான் வந்தன. உங்கள் பக்கத்துக் கன்னடியன் கால்வாயின் மடையைத் திறக்காமல் வயல் வயலாகக் குடத்தில் நீர் சுமக்கும் வேலை அது. எடிட்டருக்குத் தேவையான அறிவெல்லாம் பில்ட் முறையிடம், அதாவது மூல நிரலை இயங்கும் மென்பொருளாக்கும் ஏற்பாட்டிடம், இருக்கிறது. அங்கிருந்து அது தானாக எடிட்டருக்குப் போய்ச் சேரும்படி செய்வதே உங்கள் ஸ்கிரிப்டின் வேலை.

ஒரு சி++ கோப்பைப் புரிந்துகொள்ள எடிட்டருக்கு அந்தக் கோப்பு மட்டும் போதாது. தலைப்புக் கோப்புகளை (ஹெடர்) எந்தக் கோப்புறைகளில் தேட வேண்டும், எந்த மேக்ரோக்கள் வரையறுக்கப்பட்டிருக்கின்றன, மொழியின் எந்தப் பதிப்பு என்பதெல்லாம் கம்பைலருக்குத் தரப்படும் கட்டளையில்தான் இருக்கின்றன. அந்தக் கட்டளைகளைக் கோப்புவாரியாகப் பதிந்துவைப்பது ‘கம்பைல் கமாண்ட்ஸ்’ என்ற ஜேசான் கோப்பு. எந்தக் கோப்பு, எந்தக் கோப்புறையிலிருந்து, எந்தக் கட்டளையால் கம்பைல் ஆகிறது என்பதே அதன் உள்ளடக்கம். இதைப் படித்து எடிட்டருக்கு விளக்கம் சொல்வது கிளாங்டி என்ற நிரல். 2016இல் மைக்ரோசாப்ட் அறிவித்த லாங்குவேஜ் சர்வர் புரோட்டோகால் வழியாக அது எடிட்டருடன் பேசுகிறது. ஆகவே விஎஸ் கோட், விம், ஈமேக்ஸ் எதுவானாலும் அடிப்படை ஒன்றுதான். விரும்பிய எடிட்டரை மாணவர்களே தேர்ந்தெடுத்துக்கொள்ளட்டும்.

இறுதியாண்டு மாணவரின் கோப்பு ஏன் உதவவில்லை? அவர் கணினியின் ஹோம் கோப்புறை முகவரிகள் அதில் முழுமையாக எழுதப்பட்டிருக்கும். அடுத்தவர் கணினியில் அந்த முகவரியே கிடையாது. அதைவிட முக்கியமான காரணம் ஒன்றும் உண்டு. லிப்ரே ஆபீஸின் தலைப்புக் கோப்புகள் எல்லாம் களஞ்சியத்தில், அதாவது திட்டத்தின் மூல நிரல் இருக்கும் கிட் தொகுப்பில், இருப்பதில்லை. ‘காம், சன், ஸ்டார்’ என்று தொடங்கும் பாதையில் உள்ளவை பில்ட் நடக்கும்போதுதான் இடைமுகங்களை விவரிக்கும் ஐடிஎல் கோப்புகளிலிருந்து உருவாக்கப்பட்டு, பில்டின் விளைவுகள் சேரும் ஒர்க்டிர் கோப்புறைக்குள் போகின்றன. (லிப்ரே ஆபீஸின் முன்னோடியான ஸ்டார் ஆபீஸை எழுதிய ஸ்டார் டிவிஷன் நிறுவனத்தை சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1999இல் வாங்கியது. லிப்ரே ஆபீஸ் 2010இல் தனித் திட்டமாகப் பிரிந்தது. அந்தப் பழைய பெயர்கள் இன்றும் நிரலுக்குள் வாழ்கின்றன.) பில்ட் செய்யாதவர் எடிட்டரை எத்தனை முறை திருத்தினாலும் அந்தத் தலைப்புகள் கிடைக்கப்போவதில்லை. முதலில் பில்ட், பிறகே எடிட்டர் என்பதை உங்கள் ஸ்கிரிப்ட் கறாராகப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

நல்ல செய்தி, லிப்ரே ஆபீஸ் இதற்கு ஏற்கெனவே வழி வைத்திருக்கிறது. பில்ட் முடிந்ததும், பில்டை நடத்தும் மேக் கட்டளைக்கு ‘விஎஸ்கோட்-ஐடிஇ-இன்டக்ரேஷன்’ என்ற இலக்கைக் கொடுத்தால் விஎஸ் கோடுக்கான ஒர்க்ஸ்பேஸ் கோப்பு (இந்தத் திட்டத்துக்கு மட்டுமான எடிட்டர் அமைப்புகள் கொண்டது) உருவாகும். மாணவர்கள் கோப்புறையைத் திறக்காமல் அந்த ஒர்க்ஸ்பேஸ் கோப்பையே திறக்க வேண்டும். களஞ்சியத்தின் மேல்மட்டத்தில் ‘கம்பைல் கமாண்ட்ஸ்’ கோப்பு இருக்கிறதா என்று ஸ்கிரிப்ட் பார்க்கட்டும். இல்லையென்றால் ‘விம்-ஐடிஇ-இன்டக்ரேஷன்’ இலக்கையும் ஓட்டட்டும். பெயரில் விம் இருந்தாலும் அது தரும் கோப்பு கிளாங்டிக்கு அப்படியே பயன்படும். பெரிய திட்டங்கள் பலவும் இப்படித்தான் செய்கின்றன. பயர்பாக்ஸில் ‘மாக் ஐடிஇ விஎஸ்கோட்’ என்ற கட்டளை உண்டு, லினக்ஸ் கெர்னலில் மேக் இலக்கு உண்டு. சொந்தமாக எழுதத் தொடங்கும் முன் திட்டத்திடம் என்ன இருக்கிறது என்று தேடிப் பாருங்கள்.

8 ஜிபி நினைவகம்தான் உங்கள் உண்மையான தடை. பில்ட் விருப்பங்களை ‘ஆட்டோஜென் இன்புட்’ கோப்பில் வரிக்கு ஒன்றாக எழுதலாம். அந்தக் கோப்பை எல்லோருக்கும் தாராளமாகப் பொதுவாக்கலாம். ஜாவா வேண்டாம், உதவிப் பக்கங்கள் வேண்டாம், ஒரே நேரத்தில் 2 வேலைகள் போதும் என்ற விருப்பங்களை அதில் சேருங்கள். இரவில் ஓடவிடுங்கள். நடுவில் மின்சாரம் போனாலும் கவலை வேண்டாம். மேக் மறுபடி ஓடும்போது முடிந்த வேலைகளைத் தாண்டி மிச்சத்திலிருந்து தொடரும். கிளாங்டியும் முதல் முறை முழு நிரலையும் பின்னணியில் அட்டவணைப்படுத்தும். ஒரே நேரத்தில் எத்தனை வேலைகள் என்று சொல்லும் அதன் ‘ஜே’ விருப்பத்தையும் 2 என்று ஒர்க்ஸ்பேஸ் செட்டிங்கில் கட்டுப்படுத்துங்கள். இல்லாவிட்டால் கணினி உறைந்து நிற்பதைப் பார்த்து மாணவர் கிளாங்டியையே நீக்கிவிடுவார். மைக்ரோசாப்டின் சி++ நீட்சியும் இருந்தால் அதன் இன்டெல்லிசென்ஸை அணைத்துவிடுங்கள். ஒரே வேலையை இரண்டு நிரல்கள் செய்ய 8 ஜிபி தாங்காது.

இணைய வேகம் குறைந்த ஊர்களில் இருக்கும் மாணவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஒவ்வொருவரும் களஞ்சியத்தைத் தனியாகப் பதிவிறக்கத் தேவையில்லை. கல்லூரியில் ஒருவர் இறக்கி, களஞ்சியம் முழுவதையும் ஒரே கிட் பண்டில் கோப்பாக்கிப் பென்டிரைவில் கொடுத்தால் போதும். பிறகு ரிமோட் முகவரியைத் திட்டத்தின் உண்மையான முகவரிக்கு மாற்றிக்கொள்ளலாம். பில்ட் இறக்கும் வெளி நூலகப் பொதிகளையும் இதேபோல் பகிரலாம். அவற்றின் இடத்தைச் சொல்ல ‘வித்-எக்ஸ்டெர்னல்-டார்’ என்ற விருப்பம் ஆட்டோஜெனில் இருக்கிறது.

இனி நான் மிகவும் வற்புறுத்த விரும்புவது: சேமிக்கும்போதே நிரலை வடிவமைக்கும் வசதியை இந்த ஒர்க்ஸ்பேஸில் அணைத்துவையுங்கள். லிப்ரே ஆபீஸில் புதிய கோப்புகள் கிளாங்-ஃபார்மேட் என்ற வடிவமைப்பு நிரலின் விதிப்படி இருக்க வேண்டும். பழைய கோப்புகளுக்கோ விலக்குப் பட்டியல் ஒன்று உண்டு. அவை தம் பழைய வடிவத்திலேயே இருக்கின்றன. உங்கள் மாணவி பழைய கோப்பில் ஒரே ஒரு வரியைத் திருத்திச் சேமித்தால், எடிட்டர் கோப்பு முழுவதையும் கலைத்து அடுக்கிவிடும். மாற்றங்களைச் சரிபார்க்கும் கெரிட் தளத்தில் அந்த மாற்றத்தைப் பார்ப்பவருக்கு ஆயிரக்கணக்கான வரிகள் மாறியதாகத் தெரியும். அவள் செய்த நல்ல திருத்தம் அதற்குள் புதைந்துபோகும். முதல் பங்களிப்பிலேயே ஒரு மாணவிக்கு அப்படி நேரக்கூடாது. புதிய கோப்புகளைத் திட்டத்தின் கிட் ஹூக் (தானாக ஓடும் சிறு ஸ்கிரிப்ட்) கமிட் நேரத்தில், அதாவது மாற்றத்தைக் கிட்டில் பதியும்போது, தானே சோதிக்கும். அது கேட்கும் கிளாங்-ஃபார்மேட் பதிப்பையே நிறுவுங்கள். உபுண்டுவோடு வரும் பதிப்பு வேறு மாதிரி வடிவமைக்கலாம்.

மாணவர்களின் சொந்த செட்டிங்ஸை, அதாவது எழுத்துரு, நிறம், விசைக் குறுக்குவழி போன்றவற்றை, ஸ்கிரிப்ட் தொடவே கூடாது. எல்லா மாற்றமும் ஒர்க்ஸ்பேஸுக்குள் நிற்கட்டும். இரண்டாம் முறை ஓட்டினாலும் எதுவும் கெடாதபடி எழுதுங்கள். நீங்களாகச் சேர்க்கும் கோப்புகள் தவறி கமிட்டில் போகாதபடி கிட்டின் ‘இன்ஃபோ எக்ஸ்க்ளூட்’ கோப்பில் அவற்றைக் குறித்துவிடுங்கள்.

விண்டோஸ் வைத்திருப்பவர்களுக்கு, விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் வசதியான டபிள்யூஎஸ்எல் 2இல் உபுண்டு நிறுவுவதே எளிது; அப்போது எல்லோருக்கும் ஒரே ஸ்கிரிப்ட் செல்லும். நிரலை சி டிரைவில் வைக்காமல் லினக்ஸ் பக்கத்துக் கோப்புறையில் வையுங்கள், இல்லையென்றால் பில்ட் ஊர்ந்துதான் போகும். டபிள்யூஎஸ்எல் 2 இயல்பாக நினைவகத்தில் பாதியைத்தான் எடுக்கும். 8 ஜிபியில் அது 4 ஜிபி. கம்பைல் ஆன துண்டுகளை இணைத்து லிங்க் செய்யும் கட்டத்தில் அது திணறும். அதன் கான்ஃபிக் கோப்பில் 6 ஜிபியாக உயர்த்துங்கள்.

ஸ்கிரிப்டின் கடைசி அடி ஒரு சோதனையாக இருக்கட்டும். கிளாங்டியின் ‘செக்’ விருப்பத்தோடு, லிப்ரே ஆபீஸின் ஆவணம் எழுதும் பகுதியான ரைட்டரின் ஒரு கோப்பை, அதாவது ‘எஸ்டபிள்யூ’ கோப்புறையில் உள்ள ஏதேனும் ஒன்றை, சோதிக்கச் சொல்லுங்கள். பிழையின்றி முடிந்தால் எடிட்டரிலும் சிவப்புக் கோடு வராது. பிழை வந்தால் எந்தத் தலைப்புக் கோப்பு கிடைக்கவில்லை என்பதை அதுவே பெயரோடு சொல்லும். பெரிய மாற்றங்களை இழுத்துக்கொண்ட பிறகு புதிய கோப்புகளில் மட்டும் சிவப்பு தெரிந்தால், மறுபடி பில்ட் செய்து ஐடிஇ இலக்கை ஓட்டச் சொல்லுங்கள். வேறு எதையும் தொட வேண்டியதில்லை.