காதடைப்பான் வாங்கிக் கொடுத்தும் ஆட்கள் ஏன் போடுவதில்லை?

கேள்வி: பள்ளிபாளையத்தில் விசைத்தறிக் கூடம் நடத்துகிறேன். எல்லாமே நாடாத் தறிகள், அதாவது குறுக்கு நூலைச் சுமந்து இங்கும் அங்கும் ஓடும் நாடா (ஷட்டில்) உள்ளவை. தறி ஓட்டுபவர்களுக்கு இயர்பிளக் நல்ல தரத்தில் வாங்கிக் கொடுத்தேன். சில நாள் வைத்தார்கள், இப்போது எல்லாம் சட்டைப் பையில் கிடக்கிறது. ஒன்றிரண்டு பேர் பஞ்சை உருட்டி வைத்துக்கொள்கிறார்கள். கண்டிப்பாக நடந்துகொள்வதா, விட்டுவிடுவதா?

பதில்: விட்டுவிடாதீர்கள். ஆனால் கண்டிப்பால் இது நடக்காது. மேஸ்திரி வரும்போது காதில் ஏறும், போனதும் இறங்கிவிடும். முதலில் ஆட்களைக் கூப்பிட்டு, "இதை வைத்தால் உங்களுக்கு எது கேட்காமல் போகிறது?" என்று கேளுங்கள். காரணம் பெரும்பாலும் அந்தப் பதிலில்தான் இருக்கும்.

நாலு தறி, ஆறு தறி பார்க்கும் ஒருவர் எல்லாவற்றையும் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. முதுகுக்குப் பின்னால் ஓடும் தறியை அவர் காதால்தான் பார்க்கிறார். நாடாவை அடித்துத் தள்ளும் பிக்கரின் சத்தம் மாறினால், நாடா சரியாகப் போய்ச் சேராமல் தட்டினால், ஊடை என்கிற குறுக்கு நூல் அறுந்து ஒரு தறி நின்றால், திரும்பாமலேயே அவருக்குத் தெரிந்துவிடும். மீட்டர் கணக்கில் கூலி வாங்குகிறவருக்குத் தறி நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் நஷ்டம். அந்தக் காதை அடைத்தால் கையைக் கட்டியதுபோலத்தான் இருக்கும். இதை அலட்சியம் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

நீங்கள் பெட்டியில் இத்தனை டெசிபல் குறைக்கும் என்று பெரிய எண் போட்ட இயர்பிளக்கைத் தேடி வாங்கியிருக்கலாம். பலரும் செய்வது அதுதான். நாடாத் தறி ஓடும் கூடத்தில் 95 முதல் 100 டெசிபல் சத்தம் இருப்பது சாதாரணம். காதுக்குள் போய்ச் சேரும் சத்தம் 75 முதல் 80 டெசிபலுக்குள் நின்றால் போதும். 70க்கும் கீழே இறக்கிவிட்டால் தறிச் சத்தமும் பேச்சும் அமுங்கி, தனியாக அடைபட்டதுபோல் ஆகிவிடும். உடனே கழற்றுவார்கள்.

கழற்றுவதால் வரும் இழப்பு நாம் நினைப்பதைவிட மிகப் பெரியது. 30 டெசிபல் குறைக்கும் அடைப்பானை 8 மணி நேர ஷிப்டில் 4 மணி நேரம் கழற்றி வைத்தால், மொத்தத்தில் கிடைக்கும் பாதுகாப்பு வெறும் 3 டெசிபல். 48 நிமிடம் மட்டும் கழற்றினாலும் 10 டெசிபல்தான். டெசிபல் கணக்கு அப்படி: 3 கூடினாலே சத்தத்தின் ஆற்றல் இரண்டு மடங்கு. ஆகவே, முழு ஷிப்டும் காதில் இருக்கும் 20 டெசிபல் அடைப்பான், பாதி நேரம் பையில் கிடக்கும் 30 டெசிபல் அடைப்பானைவிடப் பல மடங்கு மேல். பெட்டியில் போட்டிருக்கும் எண் ஆய்வுக்கூடக் கணக்கு. வியர்வையும் அவசரமும் உள்ள கூடத்தில் அதில் பாதி கிடைத்தால் நல்லது. 12 மணி நேர ஷிப்டு ஓட்டுகிறீர்கள் என்றால் இன்னும் கவனம் வேண்டும். பஞ்சு உருட்டி வைப்பதை நம்பவே வேண்டாம். அடைத்த உணர்வு வரும், சத்தம் பெரிதாகக் குறையாது.

போடும் முறையையும் கற்றுக்கொடுங்கள். பலர் ஃபோம் அடைப்பானைக் காது வாசலில் செருகி விட்டுவிடுகிறார்கள். அதை மெல்லிசாக உருட்டி, மறு கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்க் காது மடலை மேலும் பின்னும் இழுத்து, உள்ளே விட்டு, விரியும்வரை அரை நிமிடம் விரலால் பிடித்திருக்க வேண்டும். நாடாவில் தார் (ஊடை நூல் சுற்றிய குச்சி) மாற்றி, எண்ணெய் பட்ட கையோடு உருட்டினால் காதில் அரிப்பும் புண்ணும் வரும்; கை கழுவ வசதி செய்யுங்கள். அடிக்கடி கழற்றிப் போடுகிறவருக்குக் கழுவிப் பயன்படுத்தும் சிலிக்கான் அடைப்பான், கயிறு கோத்தது, வசதியாக இருக்கும்.

முதல் சில நாட்கள் தறிச் சத்தம் வேறு மாதிரிக் கேட்கும். ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் என்று கூட்டிக்கொண்டே போனால் அந்தப் புதுச் சத்தத்திலும் கோளாறைக் கண்டுபிடிக்கக் காது பழகிவிடும். நல்ல செவித்திறன் உள்ளவருக்கு, பெரும் சத்தத்தின் நடுவே அடைப்பானோடு பேச்சு இன்னும் தெளிவாகக்கூடக் கேட்கும். ஏற்கெனவே கேட்கும் திறன் குறைந்தவருக்கு இது பொருந்தாது. உண்மையாகவே அவருக்கு ஒன்றும் கேட்காது. பல வருடம் தறி ஓட்டிய மூத்தவர்கள்தான் அதிகம் மறுக்கிறார்கள் என்றால் காரணம் இதுவாக இருக்கலாம். அவர்களைத் திட்டாமல் காது பரிசோதனைக்கு அனுப்புங்கள். சத்தத்தால் வரும் கேளாமை சட்டத்திலேயே தொழில்நோயாகப் பட்டியலிடப்பட்டது. உள்காதின் நுண்மயிர்ச் செல்கள் செத்தால் திரும்ப முளைப்பதில்லை.

கூடத்துக்குள் வரும்போது நீங்களும் மேஸ்திரியும் அடைப்பான் போடுங்கள். தேய்ந்த பிக்கர், தளர்ந்த போல்ட்டுகளை உடனுக்குடன் மாற்றி, தறிக் காலுக்கு அடியில் ரப்பர் கொடுங்கள். காது பரிசோதனைக்குப் போகிறவர் முந்தைய 14 மணி நேரமாவது தறிச் சத்தத்தில் இருக்கக்கூடாது. ஷிப்டு முடிந்த கையோடு போனால் தற்காலிக மந்தமும் சேர்ந்து அளவு தவறாக வரும். காதில் சீழ் வடிகிறவருக்கு உள்ளே செருகும் எதுவும் வேண்டாம். மருத்துவரிடம் காட்டிக் குணமாகும்வரை, வெளியே மூடும் இயர்மஃப் கொடுங்கள்.