ஹால்ஸ்டாட் போகலாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஆஸ்திரியாவில் ஹால்ஸ்டாட் என்ற ஏரிக்கரை கிராமத்தில், டூரிஸ்ட்கள் போட்டோ எடுக்கும் இடத்தையே பலகை அடித்து மறைத்துவிட்டார்களாமே? வருகிற லட்சுமியை யாராவது வேண்டாம் என்பார்களா? (வாசகர், ஈரோடு)

பதில்: மறைத்தது உண்மைதான், 2023 மே மாதம். இணையத்தில் ஆளாளுக்குத் திட்டித் தீர்த்ததும் சில நாட்களிலேயே பலகையை எடுத்துவிட்டார்கள். ஆனால் ஊர்க்காரர்களின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஊரில் குடியிருப்பதே 750 பேர் சொச்சம். பின்னால் செங்குத்து மலை, முன்னால் ஏரி, நடுவில் கிடைத்த துண்டு நிலத்தில் கொலுப்படி மாதிரி வீட்டுக்கு மேல் வீடு. இனி ஒரு தெரு போடக்கூட இடம் கிடையாது. சீசனில் சில நாட்களில் இங்கே பத்தாயிரம் பேர் வந்து இறங்குகிறார்கள். அத்தனை பேருக்கும் வேண்டியது ஒரே படம்தான், சர்ச் கோபுரமும் ஏரியும் சேர்ந்து விழுகிற அந்த ஒரு கோணம். அந்த இடத்தைச் சுற்றி இருப்பதெல்லாம் ஆட்கள் குடியிருக்கும் வீடுகள், காலையிலிருந்து ஜன்னலுக்கு வெளியே சத்தம் என்றால் யாருக்குத்தான் பொறுக்கும்?

லட்சுமி விஷயத்துக்கு வருவோம். டூர் பஸ்ஸில் வருகிற பலர் இரண்டு மூன்று மணி நேரம் சுற்றிவிட்டு, ஒரு ஐஸ்கிரீமோடு கிளம்பிவிடுகிறார்கள். லட்சுமி வருகிறாள், தங்குவதில்லை! அதனால்தான் 2020-லிருந்து டூர் பஸ்கள் முன்கூட்டியே நேரம் பதிவு செய்து, பணம் கட்டித்தான் உள்ளே வர முடியும் என்று வைத்தார்கள். அப்படியும் கூட்டம் அடங்கவில்லை. 2023 ஆகஸ்டில் ஊர் மக்கள் ஊருக்கு வரும் சுரங்கச் சாலையை மறித்தார்கள். தினமும் இத்தனை பேர்தான் என்று வரம்பு வை, மாலை ஐந்து மணிக்கு மேல் டூர் பஸ்ஸை விடாதே, இதுதான் கோரிக்கை. என் ஓட்டு அவர்களுக்குத்தான்.

கேள்வி: டூரிஸ்ட் வருவதற்கு முன்னால் அந்த ஊர் எதை வைத்துப் பிழைத்தது? மீனா? (வாசகர், கரூர்)

பதில்: மீன் உண்டு, ஆனால் சோறு போட்டது உப்பு. ஊருக்கு மேலே மலைக்குள் பாறை உப்பு இருக்கிறது. மூவாயிரம் வருஷத்துக்கும் மேலாகத் தோண்டுகிறார்கள். கி.மு. 14-ஆம் நூற்றாண்டில் செய்த மரப் படிக்கட்டு ஒன்று சுரங்கத்துக்குள் கிடைத்தது. சுற்றிலும் உப்பு என்பதால் மக்கவே இல்லை. 1846-ல் சுரங்க அதிகாரி ராம்சௌர் அங்கே தோண்ட ஆரம்பித்து ஆயிரத்துக்குக் கிட்டத்தட்ட பழைய கல்லறைகளைக் கண்டுபிடித்தார். ஐரோப்பாவின் ஆரம்ப இரும்புக் காலத்துக்கே ‘ஹால்ஸ்டாட் பண்பாடு’ என்று பெயர் வந்தது அதனால்தான். அதற்கு முன்பே, 17-ஆம் நூற்றாண்டு வாக்கில், மரங்களை உள்ளே குடைந்து குழாயாக்கி, உப்புநீரை ஏபென்சே என்ற ஊர் வரை சுமார் 40 கிலோமீட்டர் கொண்டுபோனார்கள். உப்பு எடுப்பது இன்றைக்கும் நிற்கவில்லை. செல்ஃபி எடுக்க வருகிறவர்கள் இந்த மலையை நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை என்பதுதான் எனக்கு எரிச்சல்.

கேள்வி: அங்கே மண்டையோட்டுக்கு பெயின்ட் அடித்து அடுக்கி வைப்பார்களாமே, நிஜமா? கேட்கவே ஒரு மாதிரி இருக்கிறது. (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: நிஜம்தான், ஆனால் நீங்கள் நினைக்கிற மாதிரி பயங்கரம் இல்லை. இங்கேயும் பிரச்சினை இடம்தான். சர்ச்சுக்குப் பக்கத்தில் இருக்கும் கல்லறைத் தோட்டம் மிகச் சின்னது. அதனால் அந்தக் காலத்தில் புதைத்துச் சில வருஷம் ஆனதும் குழியைத் திறந்து, எலும்பை எடுத்துவிட்டு அடுத்தவருக்கு இடம் விடுவார்கள். எடுத்த மண்டையோட்டை வெளுக்க வைத்து, நெற்றியில் பூமாலையோ இலைக்கொடியோ வரைந்து, பெயரும் எழுதி, ஒரே குடும்பத்தாரைப் பக்கத்துப் பக்கத்தில் வைப்பார்கள். ஆயிரத்துச் சொச்சம் மண்டையோடுகளில் அறுநூறுக்கு மேல் இப்படி வரைந்தவை. கடைசியாக வந்தது 1983-ல் இறந்த ஒரு பெண்மணியுடையது. தானே கேட்டுக்கொண்டபடி 1995-ல் வைத்தார்கள். ஒரு தங்கப் பல் அப்படியே இருக்கிறது. பாட்டியின் பெயரை நெற்றியில் எழுதிப் பக்கத்திலேயே வைத்துக்கொள்வதில் அன்புதான் தெரிகிறது, அபசகுனம் ஒன்றும் எனக்குத் தெரியவில்லை.

கேள்வி: அந்த ஊரை அப்படியே சீனாவில் கட்டியிருக்கிறார்களாமே? (வாசகர், சேலம்)

பதில்: ஆமாம், குவாங்டாங் மாகாணத்தில், 2012-ல். முதலில் ஊர்க்காரர்களுக்கு எரிச்சல், பிறகு மேயரே திறப்பு விழாவுக்குப் போய் வந்தார். நகலைப் பார்த்துவிட்டு அசலைப் பார்க்க வந்தவர்களும் உண்டு.

கேள்வி: ஜூலையில் வியன்னா போகிறோம். ஒரே நாளில் ஹால்ஸ்டாட் போய் வரலாமா? நாங்கள் சுத்த சைவம். (வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: போகலாம், ஆனால் போகாதீர்கள். ரயிலில் ஒரு பக்கமே மூன்றரை மணி நேரம் பிடிக்கும். வியன்னாவிலிருந்து வந்தால் ஆட்நாங்-புக்ஹைமில் வண்டி மாற வேண்டும். ஹால்ஸ்டாட் ஸ்டேஷன் ஏரிக்கு எதிர்க்கரையில் இருக்கிறது, ரயில் நேரத்துக்குப் படகு வந்து ஏற்றிக்கொள்ளும். இரவு ரயிலைப் பிடித்தால் படகு இருக்காது, அதைப் பார்த்து டிக்கெட் எடுங்கள். ஒரு ராத்திரி அங்கேயே தங்கிவிடுங்கள். பஸ்கள் கிளம்பிய பிறகு ஊர் ஊராக இருக்கும், உங்கள் பணமும் ஊருக்குள் போகும்.

சாப்பாட்டுக்கு காஸ்நோக்கன் கேளுங்கள்: சின்னச் சின்ன மாவு உருண்டையை உருகிய சீஸில் பிரட்டி, மேலே வறுத்த வெங்காயம் தூவி, பல இடங்களில் சட்டியோடு கொண்டுவந்து வைப்பார்கள். பன்றி இறைச்சித் துண்டு சேர்க்க வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். மாவில் பெரும்பாலும் முட்டை இருக்கும், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். இன்னொன்று, சீஸ் உருண்டை போட்ட சூப் என்று ஒன்று வரும். உருண்டையில் இறைச்சி இருக்காது, முட்டை பெரும்பாலும் இருக்கும்; அது மிதக்கிற தண்ணீர் பெரும்பாலும் மாட்டிறைச்சி வேகவைத்த சாறு. கேட்காமல் ஸ்பூனை வைக்காதீர்கள்.