வழக்கு நடக்கும்போது உரிமையாளர் வீட்டுக்குள் போகலாமா?

இந்த முறை கடிதங்களில் பாதி ஒரே சங்கதி. பதில்கள் தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டப்படி. 1960 சட்டத்தைக் காட்டிக் கேட்பவர்களுக்கு: புது வழக்குக்கு அது உதவாது, 2019 பிப்ரவரியோடு போய்விட்டது.

கேள்வி: காலி செய்யச் சொல்லி வழக்குப் போட்டிருக்கிறேன். வீட்டை எப்படி வைத்திருக்கிறார் என்று பார்க்கப் போகலாமா?

போகலாம், 24 மணி நேரம் முன்னதாக எழுத்தில் நோட்டீஸ் கொடுத்துவிட்டு. காரணம், தேதி, நேரம் மூன்றும் அதில் இருக்கட்டும். வழக்குப் போட்டதால் இந்த உரிமை கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. நோட்டீஸின் நகலைப் பத்திரப்படுத்துங்கள்.

கேள்வி: வீட்டை விற்கப் போகிறேன். வாங்க வருபவர்களை அழைத்துப் போய்க் காட்டலாமா?

ஒப்பந்தத்தில் அப்படி எழுதியிருக்கிறதா? இரண்டு பக்கக் கடிதத்தில் அதைத் தவிர எல்லாம் சொல்லியிருக்கிறீர்கள். எழுதியிருந்தால் அதே 24 மணி நேர நோட்டீஸ். இல்லையென்றால் குடியிருப்பவரிடம் தன்மையாகக் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: நான்கு மாத வாடகை பாக்கி. அவர் ஊருக்குப் போயிருக்கிறார். என்னிடம் மாற்றுச் சாவி இருக்கிறது. சாமான்களை வெளியே வைத்துவிட்டு என் பூட்டைப் போட்டால் என்ன? என் வீடுதானே?

'என் வீடுதானே' கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. பத்திரம் உங்கள் பெயரில், சரி. அனுபவம் யாரிடம்? வாடகை பாக்கி வைத்தாலும், வழக்கில் எதிராளியாக நின்றாலும், அவர்தான் குடியிருக்கிறார். அவர் இல்லாத நேரத்தில் நுழைந்தால் அத்துமீறி வீடு புகுந்ததாக பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்தது) 329-ஆம் பிரிவில் புகார் வரும். ஓராண்டு வரை சிறைக்கு இடமுண்டு. சட்ட வழியில் இல்லாமல் வெளியேற்றப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் சிவில் கோர்ட்டுக்குப் போனால், 1963-ஆம் ஆண்டு குறித்தவகைத் தீர்வுச் சட்டத்தின் 6-ஆம் பிரிவில் வீட்டைத் திரும்ப வாங்கிவிடலாம். அந்த வழக்கில் உங்கள் பத்திரத்தை யாரும் கேட்கவே மாட்டார்கள்.

என்னிடம் வந்த ஒருவர், ஜெயிக்கும் நிலையில் இருந்த வழக்கை இப்படித்தான் கெடுத்துக்கொண்டார். பீரோவில் நகை இருந்தது, காணோம் என்றார் குடியிருந்தவர். இருந்ததோ இல்லையோ, பூட்டைத் திறந்தவர் இவர். பாக்கிக் கணக்குப் பேச வேண்டிய இடத்தில் நகைக் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. வாடகை பாக்கி காலி செய்யச் சட்டமே ஒப்புக்கொண்ட காரணம். அதைக் கையில் வைத்துக்கொண்டு மாற்றுச் சாவியைத் தேடுவானேன்?

கேள்வி: நோட்டீஸ் கொடுத்தும் கதவைத் திறக்கவில்லை.

உடைக்காதீர்கள். மறுத்ததை நடக்கிற வழக்கில் பதிவு செய்யுங்கள்.

கேள்வி: நான் வாடகைக்கு இருப்பவன். வழக்குப் போட்ட நாளிலிருந்து உரிமையாளர் மோட்டார் போடுவதில்லை.

தண்ணீர், மின்சாரத்தை நிறுத்த அவருக்கு உரிமை இல்லை. வாடகை அதிகாரியிடம் மனு கொடுங்கள். உடனே திரும்பக் கொடுக்கும்படி இடைக்கால உத்தரவு போடலாம். வாடகையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். ரசீது கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: தீர்ப்பே எனக்குச் சாதகம். இப்போதாவது நுழையலாமா?

இப்போதும் நீங்களாக நுழையக் கூடாது. வாடகை நீதிமன்றத்தில் நிறைவேற்று மனு போடுங்கள். தேவையானால் போலீஸ் உதவியும் கிடைக்கும். சாவி கைக்கு வந்ததை எழுத்தில் வாங்கிக்கொண்டு, அன்றைக்கே பூட்டை மாற்றுங்கள்.