ஹைக்கூ ஓஎஸ் (விண்டோஸ் போன்ற ஓர் இலவச இயங்குதளம்) நிறுவியும் பென் டிரைவைக் கழற்றினால் நேராக விண்டோஸ் வருகிறதே, ஏன்?

நிறுவல் தோற்கவில்லை, பாதியில் நிற்கிறது. ஹைக்கூவின் இன்ஸ்டாலர் கோப்புகளை அதன் பார்ட்டிஷனில் எழுதுவதோடு சரி. யூஇஎஃப்ஐ (பழைய பயாஸுக்குப் பதிலாக வந்த தொடக்க மென்பொருள்) உள்ள கணினிகளில் பூட் லோடரை, அதாவது இயங்குதளத்தைத் தொடங்கிவைக்கும் சிறு நிரலை, நீங்கள்தான் கையால் வைக்க வேண்டும். (2024 செப்டம்பரில் வந்த பீட்டா 5-லும் இதே கதைதான்.)

பென் டிரைவிலிருந்து மறுபடி பூட் செய்யுங்கள். டெஸ்க்டாப்பில் வலது கிளிக் செய்து, மவுண்ட் மெனுவில் இரண்டு ஃபேட் பார்ட்டிஷன்களைத் திறக்க வேண்டும்: பென் டிரைவில் உள்ள 'ஹைக்கூ இஎஸ்பி', வன்தட்டில் விண்டோஸ் வைத்திருக்கும் இஎஸ்பி (பூட் லோடர்களுக்கான சிறு பார்ட்டிஷன்). முதலாவதில் இஎஃப்ஐ, அதற்குள் பூட் என்ற ஃபோல்டரில் 'பூட்எக்ஸ்64.இஎஃப்ஐ' இருக்கும். அதை வன்தட்டு இஎஸ்பியின் இஎஃப்ஐ ஃபோல்டருக்குள் 'ஹைக்கூ' என்று புது ஃபோல்டர் போட்டு நகலெடுங்கள். அங்கே ஏற்கெனவே இருக்கும் பூட் ஃபோல்டரில் கை வைக்காதீர்கள். அதே பெயரில் கோப்பு இருக்கும், மேலெழுதினால் வேறு சிக்கல்.

பிறகு விண்டோஸிலிருந்தோ லினக்ஸிலிருந்தோ ரீஃபைண்ட் என்ற பூட் மெனு நிரலை நிறுவினால், அது இந்தக் கோப்பைத் தானே கண்டுபிடித்து மெனுவில் காட்டும். செக்யூர் பூட் (கையொப்பமிட்ட லோடர்களை மட்டும் அனுமதிக்கும் அமைப்பு) அணைந்தே இருக்கட்டும். ஹைக்கூவின் லோடருக்கு மைக்ரோசாஃப்ட் கையொப்பம் கிடையாது.

பூட் ஐகான்கள் பாதியில் உறைந்தால், தொடக்கத்திலேயே ஸ்பேஸ் பாரைத் தட்டிக்கொண்டே இருங்கள். வரும் மெனுவில் பாதுகாப்பான கிராஃபிக்ஸ் டிரைவரைத் தேர்ந்தெடுத்துத் தொடருங்கள்.