எருமை மீமும் மன்னிப்புக் கடிதமும்

வணக்கம் சார்,

நான் சேலம் அம்மாபேட்டையில் இருந்து எழுதுகிறேன். வீட்டுக்காரர் தறி ஓட்டுகிறார், நான் வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறேன். ஒரே பையன், தனியார் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு. போன வாரம் எங்கள் இரண்டு பேரையும் பள்ளிக்கு வரச் சொன்னார்கள். கழிப்பறையில் மூன்று வாரமாகத் தண்ணீர் வரவில்லை, ஃபீஸ் மட்டும் ஒரு நாள் லேட்டானாலும் வெளியே நிற்க வைக்கிறார்கள் என்று பையன் இன்ஸ்டாவில் எழுதி, காலி பக்கெட்டையும் போட்டோ எடுத்துப் போட்டிருக்கிறான். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. பிரின்சிபால் முகத்தை எருமை உடம்பில் ஒட்டி இன்னொரு படமும் போட்டுவிட்டான். பள்ளிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது என்ற விதியும் இருக்கிறது.

போனை வாங்கி வைத்துக்கொண்டு, பாஸ்வேர்டு கேட்டு, அவன் நண்பர்களோடு பேசியதை எல்லாம் எங்கள் முன்னாலேயே படித்தார்கள். டி.சி. கொடுத்துவிடுவோம், சைபர் கிரைமில் புகார் கொடுப்போம் என்றார்கள். கடைசியில் அவனையும் எங்களையும் மன்னிப்புக் கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட வைத்தார்கள். 2020ல் ஆன்லைன் வகுப்புக்காக என் தோட்டை அடகு வைத்து வாங்கிய போன் சார் அது. அதை உடைத்துவிடலாமா என்கிறார் வீட்டுக்காரர். பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குக் கருத்துச் சுதந்திரம் எல்லாம் உண்டா? என் பையன் செய்தது தப்பா? பெயர் போடாமல் பதில் சொல்லுங்கள்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை எருமை வந்த இடத்தில் சிரித்துவிட்டேன், மன்னிக்க வேண்டும். இரண்டாவது முறை படிக்கும்போதுதான் அந்த மன்னிப்புக் கடிதம் உறுத்த ஆரம்பித்தது.

உங்கள் பையன் செய்தது மூன்று காரியம். பள்ளி மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி அவன் தலையில் ஏற்றிவிட்டது. போனை வகுப்புக்குக் கொண்டுபோனது விதிமீறல், அதற்கு என்ன தண்டனையோ அதை வாங்கிக்கொள்ளட்டும், அதில் எனக்கு வருத்தமே இல்லை. வகுப்பறையில் போன் வேண்டாம் என்பதுதான் என் கட்சியும். எருமை, பதினாறு வயசுச் சேட்டை. அழிக்கச் சொல்லலாம், பிரின்சிபாலிடம் நேரில் போய் ‘சாரி சார்’ என்று சொல்லச் சொல்லலாம், ஒருவர் முகத்தைக் கேலி செய்வதற்கும் ஒரு குறையைச் சொல்வதற்கும் நடுவில் இருக்கும் தூரம் அவனுக்குத் தெரிந்தாக வேண்டும். ஆனால் தண்ணீர் வரவில்லை என்று எழுதினானே, அதற்கு எதற்கு மன்னிப்பு? நீங்கள் கையெழுத்துப் போட்ட கடிதத்தில் அது தனியாக இருக்கிறதா, இல்லை ‘பள்ளியின் நற்பெயருக்குக் களங்கம்’ என்று மொத்தமாக ஒரு வரியில் போய்விட்டதா? பின்னதாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. உங்கள் பையன் போன வருஷம் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதியிருப்பான். தமிழ்த் தாளுக்குக் கடிதம் எழுதப் பயிற்சி எடுத்திருப்பான். உணவு விடுதியில் சாப்பாடு தரமாக இல்லை, விலையும் கூடுதல், உரிய சான்றுகளோடு உணவுப் பாதுகாப்பு ஆணையருக்குக் கடிதம் எழுது. தெருவிளக்கு எரியவில்லை, மின்வாரியத்துக்கு எழுது. அனுப்புநர், பெறுநர், பொருள், உறைமேல் முகவரி எல்லாம் சரியாக இருந்தால் முழு மதிப்பெண். ஊரில் இருக்கிற ஹோட்டல், மின்வாரியம், மாநகராட்சி எல்லாவற்றின் மேலும் புகார் எழுதக் கற்றுக்கொடுத்துவிட்டு, பத்தடி தள்ளி இருக்கிற கழிப்பறையைப் பற்றி மட்டும் வாயைத் திறக்கக் கூடாது என்றால் அந்தப் பையன் என்ன புரிந்துகொள்வான்? புகார் என்பது பரீட்சைக்கு எழுதுகிற விஷயம் என்றுதான். இத்தனைக்கும் அவன் ‘உரிய சான்று’ வேறு இணைத்திருக்கிறான், பக்கெட் போட்டோ.

வீட்டில் ‘வாயுள்ள பிள்ளை பிழைக்கும்’ என்போம். பள்ளியில் சேர்த்த முதல் நாளே கையைக் கட்டு, வாயைப் பொத்து. நடுவில் பிள்ளை எங்கே பேசிப் பழகும்? இன்ஸ்டாவில்தான். அங்கே பழகினால் எருமை வரத்தான் செய்யும்.

என் கதை ஒன்று சொல்கிறேன். எண்பதுகளின் தொடக்கம், ஒன்பதாம் வகுப்பு, விடுதியில் தங்கிப் படித்தேன். நாங்கள் நாலு பேர் சேர்ந்து கையெழுத்துப் பத்திரிகை நடத்தினோம், ஒரே பிரதிதான், வகுப்பு வகுப்பாகச் சுற்றும். ஒரு இதழில் சாம்பாரில் புழு இருக்கிறது, சமையல்காரர் பருப்பைத் திருடி விற்கிறார் என்று எழுதிவிட்டேன். தலைமையாசிரியர் அதைக் கிழித்துப் போட்டு, காலை அசெம்பிளி முழுக்க என்னை முட்டி போட வைத்தார். அன்றைக்குச் சாயங்காலம் தமிழ் ஐயா கூப்பிட்டார். அடி விழும் என்றுதான் போனேன். அவர் கிழிந்த தாள்களைப் பொறுக்கி எடுத்து வைத்திருந்தார். ‘புழுவை நீ பார்த்தியா?’ ‘பார்த்தேங்கய்யா.’ ‘பருப்பு திருடுனதைப் பார்த்தியா?’ ‘இல்லைங்கய்யா, எல்லாரும் சொல்றாங்க.’ ‘அப்ப புழுவை எழுது. எந்தத் தேதி, எந்த வேளை, இன்னும் யாரெல்லாம் பார்த்தாங்கன்னு எழுது. பருப்பை விட்டுடு.’ அவர் சொல்லச் சொல்ல ஒரு மனு எழுதினேன், பதினெட்டுப் பேர் கையெழுத்துப் போட்டோம். சாம்பார் ஒன்றும் அமிர்தமாகிவிடவில்லை, ஆனால் பருப்பைப் புடைத்துப் போட ஒரு ஆயாவை வைத்தார்கள். எழுத்தைப் பற்றி அதற்கப்புறம் நான் படித்த எதுவும் அந்த ஒரு சாயங்காலத்துக்குப் பக்கத்தில் வரவில்லை.

உங்கள் பையனுக்குக் கிடைக்காமல் போனது அந்த ஐயாதான். கிழித்துப் போடுகிறவர்கள் எல்லாப் பள்ளியிலும் உண்டு.

சரி, சைபர் கிரைம். முதலில் பயத்தை விடுங்கள். இணையத்தில் யாருக்காவது எரிச்சல் வரும்படி எழுதினால் மூன்று வருஷம் வரை சிறை என்று ஒரு பிரிவு இருந்தது, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ. அதை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்று அடியோடு ரத்து செய்துவிட்டது. எரிச்சல் என்றால் என்ன, யாருக்கு வரும் எரிச்சல் என்று எந்த அளவும் இல்லாத சட்டம், அதை வைத்து யாரையும் பிடிக்கலாம் என்பது காரணம். கொடுமை என்னவென்றால், செத்த பிரிவில் அதற்கப்புறமும் பல ஊர்களில் வழக்குப் போட்டார்கள், 2021ல் நீதிபதிகளே இதைக் கேட்டு அதிர்ச்சி அடைந்தார்கள். அவதூறுச் சட்டம் உயிரோடுதான் இருக்கிறது, பழைய தண்டனைச் சட்டத்தில் 499, இப்போது நியாய சன்ஹிதாவில் 356. ஆனால் அதன் முதல் விதிவிலக்கே பொதுநலனுக்காகச் சொல்லப்படும் உண்மை. தண்ணீர் வரவில்லை என்பது உண்மையாக இருக்கும்வரை பக்கெட் போட்டோவுக்காக நீங்கள் நடுங்க வேண்டியதில்லை. எருமையை மட்டும் அழித்துவிடச் சொல்லுங்கள்.

சேலத்துக்காரர் என்பதால் இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. நான் ஏற்காட்டில் இருந்து டவுனுக்கு இறங்கும்போதெல்லாம் அஸ்தம்பட்டி வழியாகத்தான் வருகிறேன், அங்கேதான் மத்தியச் சிறை. 1950 பிப்ரவரி 11 அன்று அந்தச் சிறைக்குள் கம்யூனிஸ்ட் கைதிகள் மேல் துப்பாக்கிச் சூடு நடந்து 22 பேர் செத்தார்கள், பெரும்பாலோர் மலபார்க்காரர்கள். நாடு குடியரசாகி 16 நாள்தான் ஆகியிருந்தது. பம்பாயில் ரொமேஷ் தாப்பர் நடத்திய ‘கிராஸ் ரோட்ஸ்’ என்ற ஆங்கில வார இதழ் இதைக் கண்டித்து எழுதியது. மார்ச் 1 அன்று, அந்த இதழ் சென்னை மாகாணத்துக்குள்ளேயே வரக் கூடாது என்று அரசு ஆணை போட்டது. அவர் நேராக உச்ச நீதிமன்றத்துக்குப் போனார், மே 26 அன்று தடை செல்லாது என்று தீர்ப்பு வந்தது. கருத்துச் சுதந்திரம் பற்றி உச்ச நீதிமன்றம் கொடுத்த ஆரம்பத் தீர்ப்புகளில் ஒன்று அது, இன்றைக்கும் வக்கீல்கள் மேற்கோள் காட்டுகிறார்கள். அதன் வேர் நம்மூர் ஜெயில் மதிலுக்குள் இருக்கிறது. அடுத்த வருஷமே அரசியல் சட்டத்தைத் திருத்தி, ‘பொது ஒழுங்கு’ என்ற காரணத்தைச் சேர்த்துக்கொண்டார்கள் என்பது கதையின் மறுபாதி. வாய்ப்பூட்டுப் போடுகிறவர்களுக்குக் கட்சி வேறுபாடு கிடையாது. சேலம் பள்ளிகளில் இதை யாராவது சொல்லித்தருகிறார்களா? என் காலத்தில் இல்லை.

பள்ளிப் பிள்ளைக்கு உண்டா என்று கேட்டீர்கள். உண்டு. 1985ல் கேரளத்தில் தேசிய கீதத்துக்கு மரியாதையாக எழுந்து நின்று, மத நம்பிக்கை காரணமாகப் பாடாமல் மட்டும் இருந்த மூன்று பிள்ளைகளைப் பள்ளியை விட்டு நீக்கினார்கள். அடுத்த வருஷம் உச்ச நீதிமன்றம், நீக்கியது அவர்களுடைய பேச்சுரிமைக்கும் மத உரிமைக்கும் எதிரானது, திரும்பச் சேருங்கள் என்றது. உங்களுடையது தனியார் பள்ளி என்பதால் அங்கே கோர்ட்டு வாசல் வரை இழுப்பது தனிப் பெரும்பாடு, அதை நான் சிபாரிசு செய்யவில்லை. அதற்குத் தேவையும் இல்லை. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையில் ஆண், பெண் பிள்ளைகளுக்குத் தனித்தனிக் கழிப்பறையும் பாதுகாப்பான குடிநீரும் பள்ளிக்கு இருக்க வேண்டிய அடிப்படை என்று எழுதியிருக்கிறது, எட்டு வரையிலான வகுப்புகளையும் நடத்துகிற தனியார் பள்ளிக்கும் அது பொருந்தும். தண்ணீர் வராத கழிப்பறை என்ன கழிப்பறை?

எனக்கு எல்லாவற்றையும் விட கோபம் வந்தது பாஸ்வேர்டு விஷயத்தில்தான். போனை வாங்கி வைக்கலாம், சாயங்காலம் பெற்றோரைக் கூப்பிட்டுத் திருப்பிக் கொடுக்கலாம். அவன் நண்பனோடு பேசியதை, அந்த நண்பன் தன் வீட்டுக் கஷ்டத்தைச் சொல்லியிருந்தால் அதையும் சேர்த்து, உரக்கப் படிக்க யார் அதிகாரம் கொடுத்தது? அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் 2017ல் ஒரே குரலில் சொன்னார்கள். வீட்டுக்கு வரும் கடிதத்தைப் பிரித்துப் படிக்கிற போஸ்ட்மேனை நாம் சும்மா விடுவோமா? அதிலும் இந்தப் பள்ளிகள் ராத்திரி ஒன்பது மணிக்கு வாட்ஸ்அப் குரூப்பில் வீட்டுப்பாடம் அனுப்புகின்றன, ஆண்டு விழாவில் ஆடும் பிள்ளைகளின் படத்தை யாரையும் கேட்காமல் ஃபேஸ்புக்கில் போட்டு அட்மிஷன் பிடிக்கின்றன. போன் கெட்டது என்பது பிள்ளை கையில் இருக்கும்போது மட்டும்தான் போலிருக்கிறது.

வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள், உடைக்க வேண்டாம். 2020ல் நான் இருக்கும் மலைக் கிராமத்தில் காப்பித் தோட்டத்து மேட்டில் ஒரு பாறை மேல்தான் டவர் கிடைக்கும். மூன்று வீட்டுப் பிள்ளைகள் ஒரே போனை வைத்துக்கொண்டு, பனியில் சாக்கைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். யாருடைய ரீசார்ஜ் என்று தினமும் சண்டை. அந்தப் பிள்ளைகளைப் பார்த்தவனுக்கு இணையம் ஆடம்பரம் என்று சொல்ல வாய் வராது. அதற்கு முந்தைய வருஷம்தான் கேரளத்தில் ஒரு கல்லூரி மாணவி, விடுதியில் குறிப்பிட்ட நேரம் போனை ஒப்படைக்க வேண்டும் என்ற விதிக்குப் பணியாததால் வெளியேற்றப்பட்டு, உயர் நீதிமன்றம் போய் ஜெயித்தார். இணையத்தை அணுகுவது கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் சேர்ந்தது என்று தீர்ப்பு. அவர் வயது வந்தவர், உங்கள் பையனுக்குப் பதினாறு, அதனால் ராத்திரி பத்து மணிக்கு மேல் போன் உங்கள் தையல் மிஷின் மேல் இருக்கட்டும், அது நீங்கள் போடுகிற விதி, அதில் கோர்ட்டு வராது.

இன்ஸ்டாவைப் பற்றி அவனிடம் ஒன்று மட்டும் கேளுங்கள். அதைப் பார்த்த பிள்ளைகளில் குழாயைத் திறந்துவிடக் கூடியவர் யாராவது இருந்தாரா? (நியாயத்துக்கு இதையும் சொல்லிவிடுகிறேன், எங்கள் தெருவிளக்குக்கு ஏழு மாதம் மனுக் கொடுத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் இருட்டைப் போட்டோ எடுத்து ஃபேஸ்புக்கில் போட்ட மூன்றாம் நாள் வந்து மாட்டினார்கள். அதனால் பொதுவில் போடாதே என்று நான் சொல்ல மாட்டேன். மனுக் கொடுத்த தேதியையும் சேர்த்துப் போடு என்பேன்.)

அவனை உட்கார வைத்து ஒரு மனு எழுதச் சொல்லுங்கள். அனுப்புநர், பெறுநர், பொருள் எல்லாம் அவனுக்குத் தெரியும். பெறுநர் பள்ளித் தாளாளர். எந்தத் தேதியில் இருந்து எந்தக் கழிப்பறை, அவ்வளவுதான், ஃபீஸ் பேச்சு இதில் வேண்டாம், அது தனி மனு. அவன் ஒருவன் கையெழுத்து வேண்டாம், நாலு பெற்றோர் கையெழுத்தாக இருக்கட்டும், டி.சி. மிரட்டல் அப்போது அவ்வளவு சுலபமாக வராது. நகல் ஒன்றில் ஒப்புதல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பதினைந்து நாள் பார்த்துவிட்டு அசைவில்லை என்றால் கல்வி அலுவலருக்கு ஒன்று, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளில் ஒன்று.

உங்கள் கடிதத்தில் பக்கெட், எருமை, பாஸ்வேர்டு, டி.சி., மன்னிப்பு, தோடு எல்லாம் இருக்கிறது. கழிப்பறையில் தண்ணீர் வந்ததா என்று மட்டும் எழுதவில்லை. விசாரித்து ஒரு வரி போடுங்கள்.