ஜாமர் வந்தால் அவசரகால ரேடியோ தாங்குமா?

கேள்வி: எங்கள் மீட்புக் குழுவின் வாக்கி டாக்கிகளில், பேச்சைச் சங்கேதமாக்கும் என்கிரிப்ஷன் இருக்கிறது. ஜாமரை அது தடுக்குமா?

தடுக்காது. ஒட்டுக்கேட்பவரிடமிருந்துதான் அது காப்பாற்றும். ஜாமருக்கு உங்கள் பேச்சு புரிய வேண்டியதில்லை. உங்கள் அலைவரிசையில் இரைச்சலைக் கொட்டுகிறது, அவ்வளவுதான்.

கேள்வி: பழுதா, ஜாமரா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஆன்டெனாவோ கேபிளோ பழுதானால் சிக்னல் அளவு குறையும். ஜாமர் என்றால் அளவு நிறையக் காட்டும், பேச்சு மட்டும் வராது. அதுவும் ஒரே பகுதியில் பல செட்டுகளில் ஒரே நேரத்தில். செட்டை நெஞ்சோடு ஒட்டிப் பிடித்து, நின்ற இடத்திலேயே மெதுவாகச் சுற்றுங்கள். அளவு எப்போது மிகவும் குறைகிறதோ, அப்போது மூலம் பெரும்பாலும் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும். உடம்பே அலையை மறைக்கிறது. கெட்டுப்போன மின்கருவியும் இதே தொல்லையைத் தரலாம். அதனால் நேரம், இடம், சேனல் மூன்றையும் குறித்து அலைக்கற்றை அதிகாரிகளிடம் கொடுங்கள். தனியாகப் போய் யாரையும் மடக்க வேண்டாம்.

கேள்வி: பணம் கொஞ்சம்தான். முதலில் எதைப் பாதுகாப்பது?

டவரின் ரிசீவரை. சில வாட் சக்தியுள்ள கைச்செட்டுகளைப் பல கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து கேட்க வேண்டிய காது அது. ஒரு வீரரின் அருகே ஜாமர் இருந்தால் அந்தச் சுற்றுவட்டாரம்தான் பாதிக்கும். டவரின் அருகே இருந்தால் அந்த டவரை நம்பியிருக்கும் அத்தனை பேரும் ஊமையாகிவிடுவார்கள். ஆகவே திசை பிரித்துக் கேட்கும் ஆன்டெனாக்கள், அதே பகுதியை எட்டும் இரண்டாவது டவர், வேறு பேண்டில் (அலைவரிசைத் தொகுப்பில்) ஒரு மாற்றுச் சேனல், இந்த வரிசையில் செலவிடுங்கள். அதிர்வெண் தாவல், அதாவது அலைவரிசையை வேகமாக மாற்றிக்கொண்டே பேசுவது, நல்ல உத்தி. நடிகை ஹெடி லமாரும் இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆன்தைலும் 1942-லேயே அதற்குக் காப்புரிமை பெற்றார்கள். ஆனால் தாவுவதற்கு அகலமான பேண்டு வேண்டும். குறுகிய ஒதுக்கீட்டில் ஜாமர் மொத்தத்தையும் மூடிவிடும்.

கேள்வி: ஜிபிஎஸ் ஜாமரால் எங்களுக்கு என்ன?

பல டவர்கள் ஒரே நேரத்தில் ஒலிபரப்பும் அமைப்பு என்றால், அவை பெரும்பாலும் ஜிபிஎஸ் நேரத்தை நம்பியே இயங்கும். சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்திலுள்ள செயற்கைக்கோள்களிலிருந்து வரும் அந்தச் சிக்னல் மிகவும் பலவீனமானது. அமெரிக்காவின் நெவார்க் விமான நிலையத் தரையிறக்க அமைப்பையே, முதலாளியின் கண்காணிப்பிலிருந்து தப்ப ஒரு ஓட்டுநர் வண்டியில் வைத்திருந்த சிறு ஜாமர் குழப்பியது. டவரில் ரூபிடியம் கடிகாரம் (மிகத் துல்லியமான அணுக் கடிகாரம்) இருந்தால் ஜிபிஎஸ் போனாலும் கொஞ்ச காலம் நேரம் தவறாது.

கேள்வி: எல்லாம் அடைபட்டுவிட்டால்?

டவரை விட்டுவிட்டு, செட்டுக்குச் செட்டு நேரடியாகப் பேசும் முறைக்கு மாறுங்கள். ஜாமருக்கும் உங்களுக்கும் நடுவே ஒரு கட்டடமோ மேடோ வரும்படி நகருங்கள். எந்தச் சேனலுக்கு, எத்தனை நிமிட மௌனத்துக்குப் பிறகு மாறுவது என்பதை முன்கூட்டியே முடிவு செய்து எல்லோருக்கும் சொல்லியிருக்க வேண்டும். அப்புறம், பயிற்சியின்போது சொல்லாமல் டவரின் ரிப்பீட்டரை (பேச்சை வாங்கி மறுபடி அனுப்பும் கருவியை) அணைத்துப் பாருங்கள். யார் தடுமாறுகிறார்கள் என்பது உடனே தெரிந்துவிடும்.