ஹீட்டர் வாங்கும் முன் மின் சங்கத்துக்கு ஒரு போன்

அமெரிக்காவில் நகரத்தை விட்டுக் கொஞ்சம் தள்ளி வீடு வாங்கும் நம்மவர்களுக்கு முதல் மின் பில் வந்ததும் ஒரு குழப்பம் வருகிறது. பில்லில் ‘வாடிக்கையாளர்’ என்று இல்லாமல் ‘உறுப்பினர்’ என்று போட்டிருக்கும். 1930களின் நடுவில் அந்த நாட்டுப் பண்ணை வீடுகளில் பத்தில் ஒன்பதுக்கு மின்சாரம் கிடையாது. லாபம் வராது என்று தனியார் நிறுவனங்கள் கம்பி இழுக்க மறுத்தன. விவசாயிகளே கூடி, 1936-ல் வந்த சட்டத்தின்படி அரசுக் கடன் வாங்கி, தாங்களே கம்பம் நட்டார்கள். அப்படி உருவான கூட்டுறவு மின் சங்கங்கள் இன்று 900 அளவில் இருக்கின்றன. சோலார், ஹீட்டர், மின் சிக்கனம் என்று அவற்றின் உறுப்பினர்களிடமிருந்து வந்த கேள்விகளில் நான்கை இந்த முறை எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: மினியாபொலிசுக்குத் தெற்கே வீடு வாங்கியிருக்கிறோம். பழைய வாட்டர் ஹீட்டர் ஒழுக ஆரம்பித்துவிட்டது. இரவில் மட்டும் சூடேறும் பெரிய டேங்க் வைத்தால் கட்டணச் சலுகை உண்டு என்று மின் சங்கத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. கடைக்காரரோ ஹீட் பம்ப் ஹீட்டர்தான் சிக்கனம் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இருவர் சொல்வதும் உண்மைதான். ஆனால் ஒருவர் யூனிட்டைப் பற்றிச் சொல்கிறார், மற்றவர் நேரத்தைப் பற்றிச் சொல்கிறார்.

ஹீட் பம்ப் ஹீட்டர் சுற்றியிருக்கும் காற்றிலிருந்து வெப்பத்தை இழுத்துத் தண்ணீருக்குக் கொடுக்கிறது. சாதாரண மின் ஹீட்டர் இழுக்கும் மின்சாரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அதற்குப் போதும். சங்கம் சொல்லும் பெரிய டேங்க் ஒரு யூனிட்டைக்கூட மிச்சம் பிடிக்காது. இரவு 11 மணியிலிருந்து காலை 7 வரை தண்ணீரைச் சூடாக்கிவிட்டு, மீதி 16 மணி நேரமும் மின்சாரமே எடுக்காமல் சும்மா இருக்கும். அவ்வளவுதான் அதன் வேலை.

அதற்கு ஏன் சலுகை? உங்கள் சங்கம் பெரும்பாலும் தானாக மின்சாரம் தயாரிப்பதில்லை. பல சங்கங்கள் சேர்ந்து நடத்தும் ஒரு பெரிய சங்கத்திடமிருந்து வாங்குகிறது. அந்த மொத்த விலையில் யூனிட் கணக்கு மட்டும் கிடையாது. தேவை உச்சத்தைத் தொட்ட நேரத்தில் எவ்வளவு இழுத்தார்கள் என்பதற்கும் தனியாகக் கட்ட வேண்டும். ஜூலை மாதத்தில் ஒரு மாலை ஐந்தரை மணி, எல்லோரும் வீடு திரும்பி ஏசியைப் போட்டு, துணி துவைத்து, சமைக்கிற நேரம் என்று வையுங்கள். அந்த ஒரு மணி நேரத்துச் செலவு உறுப்பினர்கள் எல்லோர் தலையிலும் விழுகிறது. நள்ளிரவில் நிலைமை நேர்மாறு. மினசோட்டாவில் அப்போது காற்றாலைகள் நன்றாகச் சுற்றும், மின்சாரத்தை வாங்க ஆள் இருக்காது. அந்த மாநிலத்தின் கிரேட் ரிவர் எனர்ஜி என்ற பெரிய சங்கம், உறுப்பினர் வீடுகளில் இருந்த சுமார் 65,000 டேங்குகளில் ஒரே இரவில் பத்து லட்சம் யூனிட் அளவுக்கு வெப்பத்தைச் சேர்த்து வைக்க முடிந்தது. வீட்டு பேஸ்மென்ட்களில் பரவிக் கிடக்கும் ஒரு பெரிய பேட்டரி என்றே அதைச் சொல்லலாம்.

இரவு மின்சாரம் முழுக்கக் காற்றிலிருந்து வருகிறது என்று மட்டும் நினைத்துவிட வேண்டாம். இந்தத் திட்டம் தொடங்கிய காலத்தில், இரவில் அணைக்க முடியாத நிலக்கரி நிலையங்களின் மின்சாரத்தை விற்பதற்கும் இதுதான் வழியாக இருந்தது. கிரேட் ரிவர் தன் பெரிய நிலக்கரி நிலையத்தை 2022-ல் விற்றுவிட்டது. உங்கள் சங்கத்தின் இரவு மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். உறுப்பினர் கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள்.

இப்போது பணக் கணக்கு. உதாரணத்துக்கு, வெந்நீருக்கு வருடம் 4,000 யூனிட் ஆகிறது, பகல் விலை யூனிட்டுக்கு 14 சென்ட், இரவு விலை 7 சென்ட் என்று வைத்துக்கொள்வோம். சாதாரண ஹீட்டருக்கு 560 டாலர், இரவு டேங்க்குக்கு 280, ஹீட் பம்புக்கு சுமார் 180 ஆகும். இரவு டேங்குக்கும் ஹீட் பம்புக்கும் வித்தியாசம் வருடம் சுமார் 100 டாலர்தான். ஆனால் ஹீட் பம்ப் விலை அதிகம், கொஞ்சம் சத்தம் போடும், குளிர்காலத்தில் பேஸ்மென்ட்டையும் குளிர்விக்கும். அதனால் என் யோசனை இது: சங்கம் டேங்கை இலவசமாகவோ பாதி விலைக்கோ தந்தால் அதையே வாங்குங்கள். தள்ளுபடி பெயரளவுக்குத்தான் என்றால் ஹீட் பம்ப். ஹீட் பம்புக்கும் சில சங்கங்கள் தள்ளுபடி தருகின்றன, அதையும் விசாரியுங்கள்.

டேங்கின் அளவில் கவனம் வேண்டும். ஊரிலிருந்து அப்பா அம்மா ஆறு மாதம் வந்து தங்கும் வீடு என்றால், ராத்திரி சேர்த்த வெந்நீர் மறுநாள் மாலைவரை வர வேண்டும். நான்கு பேருக்குப் போதுமானது ஆறு பேருக்குப் போதாமல் போகலாம். வாய்ப்பிருந்தால் 100 கேலனைத் தாண்டிய டேங்கைக் கேளுங்கள். அப்புறம், கடையில் வாங்கிவிட்டு சங்கத்துக்குப் போன் செய்யாதீர்கள். 75 கேலனுக்கு மேற்பட்ட இந்த வகை டேங்குகளை மின் நிறுவனத் திட்டங்களுக்கு மட்டுமே விற்கலாம் என்று 2015-ல் வந்த சட்டம் சொல்கிறது. பூட்டுடன் வரும், திட்டத்தில் சேர்ந்தால்தான் முழுத் திறனுக்கும் திறந்து கொடுப்பார்கள்.

கேள்வி: ஆர்கன்சாவின் தெற்கே ஒரு சிற்றூரில் மருத்துவராக இருக்கிறேன். மூன்று வருட ஒப்பந்தம். வீட்டில் குளிர்காலப் பில் தாங்கவில்லை. கூட்டுறவு மின் சங்கத்தினர் மாடிக் கூரைக்குக் காப்புப் பஞ்சு போட்டு, காற்றுக் குழாய்களின் கசிவை அடைத்து, அந்தச் செலவை மாதாமாதம் பில்லில் பிடித்துக்கொள்வார்களாம். ‘இது கடன் கிடையாது’ என்கிறார்கள். நம்பலாமா?

பதில்: நம்பலாம். சட்டப்படியும் அது கடன் கிடையாது, மின் கட்டணத்தோடு சேர்ந்து வரும் ஒரு தொகை. அது உங்கள் மேல் ஏறாது, மீட்டர் மேல் ஏறும். நீங்கள் காலி செய்துவிட்டுப் போனால், அடுத்து அந்த வீட்டுக்கு வருபவர் தொடர்ந்து கட்டுவார், ஏனென்றால் மிச்சமும் அவருக்குத்தான் போகிறது. கிரெடிட் ஸ்கோர் பார்க்க மாட்டார்கள். வாடகைக்கு இருப்பவர்களும் வீட்டுக்காரர் சம்மதத்தோடு சேரலாம். மூன்று வருடத்தில் கிளம்பப்போகும் உங்களுக்கு இதைவிடத் தோதான ஏற்பாடு கிடைக்காது.

இந்த முறையைக் கூட்டுறவுகளில் முதலில் கொண்டுவந்தது கான்சஸ் மாநிலத்து மிட்வெஸ்ட் எனர்ஜி, 2007-ல். பிறகு கென்டக்கியின் கிழக்குப் பக்கத்துச் சங்கங்கள், வட கரோலினாவின் ரோனோக் எலெக்ட்ரிக், உங்கள் மாநிலத்தில் கேம்டன் ஊரின் வாஷிட்டா எலெக்ட்ரிக் எல்லாம் செய்தன. இவை வசதியான ஊர்கள் இல்லை. பழைய வீடு, மெல்லிய சுவர், கையில் சேமிப்பு இல்லாத குடும்பம் என்று இருக்கும் இடத்தில் ‘உங்கள் செலவில் காப்புப் பஞ்சு போடுங்கள், தள்ளுபடி தருகிறோம்’ என்று சொல்வதில் அர்த்தமே இல்லை. முன்பணம் கேட்காத திட்டம்தான் அந்த வீடுகளுக்குள் நுழையும். கூட்டுறவுகள் செய்த நல்ல காரியங்களில் இதை நான் முதலில் வைப்பேன்.

கையெழுத்து போடும் முன் மூன்று விஷயம் கேளுங்கள். மாதத் தவணை, எதிர்பார்க்கும் மிச்சத்தில் 80 சதவீதத்தைத் தாண்டாது என்ற உறுதி எழுத்தில் இருக்கிறதா? போட்ட சாதனம் பழுதானால் சரிசெய்யும்வரை தவணை நிற்குமா? வேலைக்கு முன்னும் பின்னும் கதவில் விசிறி பொருத்திக் காற்றுக் கசிவை அளந்த கணக்கைக் காட்டுவார்களா? வீடு உங்கள் சொந்தமென்றால், விற்கும்போது வாங்குபவரிடம் இதைச் சொல்லியாக வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள்.

கேள்வி: வாசலுக்கு வந்த சோலார் விற்பனையாளர், பில் பூஜ்யமாகிவிடும், 30 சதவீதம் வரிச் சலுகையும் உண்டு என்கிறார். எங்களுக்கும் கூட்டுறவு மின்சாரம்தான். போடலாமா?

பதில்: முதலில் அந்த 30 சதவீதம். வீட்டுக்காரர் தன் பணத்தில் வாங்கிப் போடும் சோலாருக்கு இருந்த மத்திய வரிச் சலுகை 2025 டிசம்பர் 31-உடன் முடிந்துவிட்டது. 2025 ஜூலையில் வந்த சட்டம் அதை நிறுத்தியது. இன்னும் அதைச் சொல்லி விற்பவருக்கு விஷயம் தெரியவில்லை, அல்லது தெரிந்தே சொல்கிறார். என் வாசலுக்கும் அப்படி ஒருவர் வந்தார். சட்டத்தின் தேதியைச் சொன்னதும் கிளம்பிவிட்டார்.

அடுத்து, கூரையில் மிஞ்சும் மின்சாரத்தைச் சங்கம் என்ன விலைக்கு எடுத்துக்கொள்ளும் என்பது. பெரிய தனியார் நிறுவனங்களுக்குப் பொருந்தும் விதி கூட்டுறவுக்குப் பொருந்த வேண்டும் என்பதில்லை. மினசோட்டாவில் 2015-ல் வந்த திருத்தம், சோலார் வைத்திருக்கும் உறுப்பினரிடம் மாதாந்திரத் தனிக் கட்டணம் வாங்கக் கூட்டுறவுகளை அனுமதிக்கிறது. ‘பில் பூஜ்யம்’ என்பது அந்த இடத்திலேயே அடிபட்டுப்போகும். சங்கத்தின் விலைப்பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு விற்பனையாளரிடம் பேசுங்கள்.

மரநிழல் விழும் கூரை என்றால் சமூக சோலார் இருக்கிறதா என்று பாருங்கள். சங்கமே ஒரு நிலத்தில் பேனல்களை வைக்கும், நீங்கள் ஒன்றோ இரண்டோ வாங்கினால் அதன் உற்பத்தி உங்கள் பில்லில் கழியும். மினசோட்டாவில் ரைட் ஹென்னெபின் சங்கம் 2013-ல் இதைத் தொடங்கியது. எனக்கு மிகவும் பிடித்தது ஸ்டீல் வசீகா சங்கம் 2015-ல் செய்த ஏற்பாடு. அப்போது ஒரு பேனலின் விலை 1,225 டாலர். மேலே சொன்ன 16 மணி நேரம் ஓய்வெடுக்கும் டேங்கை வைக்கச் சம்மதித்தால் டேங்க் இலவசம், முதல் பேனல் 170 டாலர்! உச்ச நேரத்துச் செலவு குறைவதால் சங்கத்துக்கு மிஞ்சும் பணம்தான் பேனல் விலையில் கழிந்து உறுப்பினரிடம் வருகிறது. இதே மாதிரி ஏதாவது உண்டா என்று உங்கள் சங்கத்தில் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: இயக்குநர் தேர்தல் என்று தபாலில் வாக்குச்சீட்டு வருகிறது. நமக்கு எதற்கு என்று எடுத்து வைத்துவிடுகிறேன். அதனால் ஏதாவது நஷ்டமா?

பதில்: நஷ்டம்தான். மின்சாரம் எங்கே வாங்குவது, தள்ளுபடி எதற்குத் தருவது, சோலாருக்கு என்ன விலை என்பதை முடிவு செய்வது அந்த இயக்குநர்கள்தான். பெரிய பண்ணைக்கும் உங்கள் வீட்டுக்கும் ஒரே ஒரு வாக்குதான். பல சங்கங்களில் பத்தில் ஒருவர்கூட வாக்களிப்பதில்லை, அதனால் உங்கள் சீட்டுக்கு எடை அதிகம்.

ஹவாயின் கவாய் தீவில் இருந்த தனியார் மின் நிறுவனத்தை 2002-ல் தீவுவாசிகளே கூட்டுறவாகச் சேர்ந்து 215 மில்லியன் டாலருக்கு வாங்கினார்கள். 2010 வாக்கில்கூடக் கப்பலில் வரும் எண்ணெயை எரித்துத்தான் பெரும்பகுதி மின்சாரம். 2017-ல் 13 மெகாவாட் சோலாரும், மாலைத் தேவைக்கென்று பெரிய பேட்டரியும் வந்தன. 2019-ல் பாதிக்கு மேல் புதுப்பிக்கத்தக்க மின்சாரம். நியூ மெக்சிகோவின் டாவோசில் கிட் கார்சன் சங்கத்துக்கு வேறு சிக்கல். தேவையில் 5 சதவீதத்துக்கு மேல் சொந்தமாகத் தயாரிக்கக் கூடாது என்று மொத்த விற்பனைச் சங்கத்தின் ஒப்பந்தம் தடுத்தது. 2016-ல் 37 மில்லியன் டாலர் விலகல் தொகைக்கு வழி செய்து வெளியே வந்தார்கள். 2022-க்குள் வெயில் நாட்களில் பகல் தேவை முழுவதையும் சோலார் ஈடுகட்டும் நிலைக்கு வந்துவிட்டார்கள். இரண்டு இடத்திலும் முடிவெடுத்தது உறுப்பினர்கள் தேர்ந்தெடுத்த இயக்குநர் குழு.

வருட முடிவில் சங்கத்தில் மிஞ்சும் பணமும் உங்களுடையதுதான். நீங்கள் கட்டிய பில்லுக்கு ஏற்ப உங்கள் பெயரில் வரவு வைப்பார்கள், கையில் வருவதற்குப் பத்து, இருபது வருடங்கள்கூட ஆகும். இடையில் ஊர் மாறிப் போனாலும் அந்த வரவு போகாது. ஆனால் முகவரி தெரியாமல் திரும்பி வரும் காசோலைகள் நிறைய. வீட்டைக் காலி செய்யும் அன்று மீட்டரை நிறுத்தச் சொல்லிப் போன் செய்வீர்கள் இல்லையா, அதே போனில் புது முகவரியையும் கொடுத்துவிடுங்கள்.